இறங்குகிறவர் சொல்லும் தூரம்

கருநெல்லி மலையில் ஏறுகிறவர் தூரம் கேட்டால், இறங்குகிறவர் சொல்லும் பதில் ஒன்றுதான்: "இன்னும் கொஞ்ச தூரம்தான்." அடிவாரத்தில் நின்று கேட்டாலும் அதே பதில். உச்சியில் இருக்கும் கோயில்கள் எவ்வளவு பழையவையோ, இந்தப் பொய்யும் அவ்வளவு பழையது.

தாண்டவமூர்த்திக்கு இது அறவே பிடிக்காது. நில அளவையராக இருந்து ஓய்வுபெற்று, அப்புறம் துறவுக்கு வந்தவர். குரு அம்பலவாணரைவிட வயதில் மூத்த சீடர். பொய் சொல்வதில்லை என்று விரதம் வேறு.

அன்று அமாவாசை. பாறையோடு பாறையாக நிற்கும் கற்கோயில்களையெல்லாம் தரிசித்துவிட்டு இருவரும் இறங்கி வந்தார்கள். எதிரே பூவாத்தா என்ற பெண் எண்ணெய் டின்னைச் சுமந்து ஏறிக்கொண்டிருந்தாள். மகன் ஆபரேஷனில் பிழைத்தால் உச்சி விளக்குக்குத் தன் கையால் எண்ணெய் ஊற்றுவதாக வேண்டுதலாம். மலைக்கு வருவது இதுதான் முதல் தடவை, அடுத்த வருஷம் முழங்கால் இடம் கொடுக்காது என்றாள்.

"இன்னும் எத்தன தூரமுங்க சாமி?"

"பாதிகூட வரலை அம்மா. செங்குத்து இனிமேல்தான்," என்றார் தாண்டவமூர்த்தி.

அவள் டின்னை இறக்கிவிட்டு உட்கார்ந்தாள். கண் கலங்கியது. திரும்பிப் போய்விடுவதாகச் சொன்னாள்.

சீடருக்கு மனசு கஷ்டமாகிவிட்டது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. "சுவாமி, நான் பொய் சொல்லியிருக்க வேண்டுமா?"

குரு குனிந்தார். டின்னைத் தூக்கிச் சீடரின் தலையில் வைத்தார். பூவாத்தாவை எழுப்பிக் கூட்டிக்கொண்டு, இறங்கி வந்த வழியிலேயே மறுபடி ஏறத் தொடங்கினார்.

சுமை இல்லாத பூவாத்தா முன்னால் போனாள். தாண்டவமூர்த்திக்குக் கழுத்து நொந்தது, மூச்சு வாங்கியது. சற்று முன்புதான் இறங்கி வந்த பாதை. இருந்தும் அவரையறியாமல் கேட்டுவிட்டார்.

"இன்னும் எவ்வளவு தூரம் சுவாமி?"

குரு வாய் திறக்குமுன், மலையின் உச்சியைக் கண்ணால்கூடப் பார்த்திராத பூவாத்தா திரும்பினாள்.

"இதா வந்துருச்சுங்க சாமி. அந்தப் பாறயத் தாண்டுனாக் கோயிலுதானுங்க."

அந்தப் பாறைக்கு அப்பால் இன்னும் எத்தனை பாறை என்று தாண்டவமூர்த்திக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் கேட்க நன்றாக இருந்தது. கால் தானாக எட்டி நடந்தது.

"அது தப்புன்னு நீங்க சொல்லலையா?" என்று கேட்டார் குரு.

தாண்டவமூர்த்தி டின்னைச் சரியாக வைத்துக்கொண்டு அந்தப் பாறையைப் பார்த்து ஏறினார்.