அரைச் சுற்று

அர்த்தனாரியை நான் உயிரோடு கடைசியாகப் பார்த்தது திருச்செங்கோட்டில் ஒரு கல்யாணப் பந்தியில். அவன் என் மனைவியின் தம்பி. எனக்கு அடுத்த இலையில் உட்கார்ந்திருந்தான். ரசம் வந்தபோது எதிர்வரிசையில் இருந்த ஒரு லாரிக்காரரைப் பார்த்து உரக்கச் சொன்னான்.

"பம்ப் வேலைன்னா எங்க வேணும்னாலும் போங்க. சங்ககிரி ஹபீப் பாய்கிட்ட மட்டும் போயிராதீங்க. என் இஞ்சினைத் தின்னவன் அவன்."

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"என்ன மச்சான், நான் சொல்றது சரிதானுங்களே? நீங்க அங்கதானே இருந்தீங்க?"

நான் பரிமாறுகிறவரிடம் இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டேன்.

அதற்குப் பதினெட்டு வருடம் முன்பு நடந்தது இது.

முதுகு போய் லாரி ஓட்டுவதை விட்டபின், நாற்பத்தொரு வயதில் ஹபீபின் பம்ப் ரூமில் தொழில் கற்கச் சேர்ந்தேன். அவருக்கு அப்போது இருபத்தொன்பது. நான் அவரை மேஸ்திரி என்பேன். அவர் என்னை அண்ணே என்பார். திட்டும்போதும் அண்ணேதான்.

"நாசிலை மண்ணுல வைக்கறீங்களே அண்ணே, சோத்தை மண்ணுல வெச்சுத் திம்பீங்களா?"

லாரி இஞ்சினுக்குள் டீசலைத் தூவுகிற முனை நாசில். அதற்கு டீசலை அளந்து அடித்துக் கொடுப்பது பம்ப். எவ்வளவு போகலாம் என்பதற்கு அதில் ஒரு ஸ்க்ரூ உண்டு. அளவு வைத்ததும் மேஸ்திரி அதற்கு மூடி போட்டு, கம்பி கோத்து, ஈயக் குண்டைப் பிளையரால் நசுக்குவார். ஈயத்தில் அவர் எழுத்து பதியும். சீல் உடையாமல் இருந்தால் அந்த அளவுக்கு அவர் பொறுப்பு. உடைந்திருந்தால் இல்லை. ஊரில் எல்லாப் பம்ப் ரூமிலும் இதுதான் வழக்கம்.

வருகிற டிரைவர்கள் எல்லோரும் கேட்பது ஒன்றே. வண்டி இழுக்கவில்லை, ஸ்க்ரூவைக் கொஞ்சம் திருப்புங்கள்.

அர்த்தனாரியும் அதைத்தான் கேட்டான். சிமெண்ட் மூட்டை ஏற்றிக்கொண்டு திம்பம் மலை ஏறுகிறவன். சொந்த வண்டி. அந்த ஒன்றுதான் அவனுக்குப் பிழைப்பு.

"அரைச் சுத்து போதும் பாய். மலையில எல்லாரும் என்னைத் தாண்டிப் போறானுங்க."

"போகட்டும்."

"ஹாரன் அடிச்சுச் சிரிச்சுட்டுப் போறானுங்க."

"நீங்களும் சிரிங்க."

"விளையாடாதீங்க பாய். திருப்புங்க."

"டீசலை நான் அடிச்சு விடறேன். அதை எரிக்கக் காத்து வேணுமே? பின்னாடியே ஓடிவந்து ஊதுவீங்களா?"

"கரும்புகை வந்தாத்தான் வண்டிக்குத் தெம்பு."

மேஸ்திரி தலையில் கை வைத்துக்கொண்டார். "வயித்துக்கு மேல ஊட்டினா வாந்தி எடுக்கும். அதைப் போய் தெம்புங்கறீங்க. காலையில இருந்து நீங்க நாலாவது ஆளு. என்னால முடியலைங்க."

அர்த்தனாரி என்னைப் பார்த்தான். "இருபது வருசம் ஸ்டீரிங் பிடிச்ச கை. நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா மச்சான்? இல்ல, நாசில் துடைக்க மட்டும்தான் வெச்சிருக்காரா?"

நான் நாசிலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அன்று வெள்ளிக்கிழமை. மேஸ்திரி சரியான அளவை வைத்து, சீல் போட்டுவிட்டுத் தொழுகைக்குப் போனார். அர்த்தனாரி டீ குடிக்கப் போனான். நான் சீலை வெட்டினேன். ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திருப்பினேன். புதுக் குண்டு கோத்து, அவருடைய பிளையராலேயே நசுக்கினேன்.

அர்த்தனாரியிடம் சொல்லவில்லை. மலையேறிவிட்டு வந்து மேஸ்திரியைப் புகழட்டும், அப்போது 'அது என் கை மாப்ளே' என்று சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

நான்காம் நாள் அவன் வண்டி இன்னொரு லாரியின் பின்னால் கட்டி இழுக்கப்பட்டு வந்தது. பதினேழாவது வளைவில் இஞ்சின் ஜாம். இரண்டு பிஸ்டன் உருகி ஓட்டையாகியிருந்தன.

"என்ன அளவுய்யா வெச்சே?" பாய் என்ற சொல் அவன் வாயில் இல்லை.

மேஸ்திரி பம்பைக் கழற்றிச் சோதனை மேடையில் ஏற்றி ஓட்டினார். ஆறு கண்ணாடிக் குழாயிலும் டீசல் அளவுக் கோட்டைத் தாண்டி ஏறியது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் பார்த்தார்கள்.

பிறகு குனிந்து சீலைப் பார்த்தார். அவர் இடது கைக்காரர். அவர் கம்பியை முறுக்கினால் முறுக்கு ஒரு பக்கம் போகும். இது மறுபக்கம் போயிருந்தது.

"பாரு, நல்லாப் பாரு! சீல் யாருது?" என்று கத்தினான் அர்த்தனாரி.

மேஸ்திரி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் கீழே கிடந்த கழிவுப் பஞ்சை எடுத்துக் கை துடைத்தேன்.

"என்னுது," என்றார் அவர். "இஞ்சினை இறக்குங்க. நான் கட்டித் தர்றேன்."

பதினோரு நாள் வேலை நடந்தது. அர்த்தனாரி தினமும் வந்து ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். "சின்னப் பையன் கையில குடுத்தேன் பாரு, என்னைச் சொல்லணும்," என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான். மேஸ்திரி வாயே திறக்கவில்லை. என்னையும் திட்டவில்லை. ஒருநாள் வேண்டுமென்றே நாசிலை மண்ணில் வைத்தேன். அவரே எடுத்துத் துடைத்துக்கொண்டார்.

பன்னிரண்டாம் நாள் வண்டி கிளம்பிப் போனது. அன்று மாலை பொறுக்க முடியாமல் அவர் முன்னால் போய் நின்றேன்.

"மேஸ்திரி, திட்டிருங்க."

"எதுக்கு?"

"சீலை வெட்டினது நான்தான். திருப்பினதும் நான்தான்."

அவர் கையில் சோப்புத்தூளைப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். நிறுத்தவில்லை.

"தெரிஞ்சும் ஏன் என்னுதுன்னீங்க? அப்பவே என்னைக் காட்டி விட்டிருக்கலாமே? ஊரெல்லாம் உங்க பேரைக் கெடுத்துட்டுத் திரியறான்."

"அண்ணே," என்றார். பெரிய மூச்சு ஒன்று விட்டார். "அவரு தினம் வந்து உங்களுக்கு நாலடி தள்ளி உக்காந்திருந்தாரு. நான் பதினோரு நாள் வாயைக் கட்டிட்டு இருந்தேன். எதுக்குன்னு நெனச்சீங்க? வண்டி போற வரைக்கும் விட்டுட்டு, இப்ப வந்து என்கிட்டச் சொல்றீங்க. எனக்குத்தான் தெரியுமே அண்ணே."



அர்த்தனாரியின் மகன்களுக்கு இப்போது நான்கு லாரி. பம்ப் வேலை வந்தால் சங்ககிரியைத் தாண்டிச் சேலத்துக்குக் கொண்டுபோகிறார்கள்.