எந்தக் கதவுக்குப் பூட்டு

"ஊர்ல எவனும் சொன்ன பேச்சுக் கேக்கறதில்லைங்க அம்மா" என்றார் நாச்சிமுத்து.

சொல்லிவிட்டுப் பையிலிருந்து ஒரு புதுப் பூட்டை எடுத்து மடத்தம்மாவின் முன்னால் வைத்தார்.

கரட்டுப்புதூரில் அப்படி ஒரு வழக்கம். புதுப் பூட்டு வாங்கினால் முதலில் மடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மா தொட்டுக் கொடுத்த பிறகுதான் கதவில் தொங்கும்.

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்தெட்டு. வெல்ல ஆலைக்காரர்கள் சங்கத்தின் தலைவர். மடத்தம்மாவுக்கு முப்பத்தாறு. மகள் வயசுப் பெண்ணின் காலில் விழுகிறாரே என்று ஊரில் சிலர் சிரித்தார்கள். அவர் அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அம்மா பூட்டைத் தொடவில்லை.

"எந்தக் கதவுக்கு?"

"பாவாயி ஆலைக்குங்க. ஞாயித்துக்கிழமை காலையில பத்து மணிக்குப் பூட்டறோம்."

"என்ன பண்ணினா?"

நாச்சிமுத்து பெருமூச்சு விட்டார். பெரிய கதை அது.

ஊரைச் சுற்றி இருபது ஆலைக்கொட்டாய். கரும்புச் சாற்றைக் கொப்பரையில் ஊற்றிப் பாகு காய்ச்ச நாள் முழுக்க அடுப்பு எரிய வேண்டும். கரும்புச் சக்கை மட்டும் போதாது. மழை ஈரத்தில் சக்கை காயாது, விறகுதான். விறகுக்கு ஊருக்கே இருப்பது ஒரே ஒரு கரடு, மரம் வளர்ந்த சின்னக் குன்று. பத்து வருஷத்தில் அதன் தலையில் பாதி மொட்டை. மீதியும் போனால் இருபது கொட்டாயும் ஈ ஓட்ட வேண்டியதுதான்.

"அதனால நான்தானுங்க சட்டம் போட்டேன்" என்றார். "போன வருஷம் எரிச்சதுல கால்வாசியாவது குறைக்கணும். ரொம்பக் குறைச்சவனுக்குப் பொன்னாடை. குறைக்காதவன் ஆலைக்குப் பூட்டு. நல்ல சட்டம்தானுங்களே?"

"பொன்னாடை யாருக்கு?"

"வேலப்பனுக்குங்க. கொப்பரைக்குப் பத்துக் கட்டு விறகு எரிச்சுட்டு இருந்தவன் ஆறாக் குறைச்சுட்டான்!"

"எப்படிக் குறைச்சான்?"

"அடுப்பு வாயை மூடி வெச்சான். பச்சை விறகை விட்டுட்டுக் காஞ்ச விறகு போட்டான்."

"அதை இத்தனை வருஷமா ஏன் பண்ணலை?"

நாச்சிமுத்து தலையைச் சொறிந்தார். அதை அவர் கேட்டதில்லை.

"பாவாயி?"

"அவ ஒரு கட்டுக்கூடக் குறைக்கலைங்க. போன வருஷமும் நாலு, இந்த வருஷமும் நாலு. அஞ்சு வருஷத்துக்கு முன்னால அவளே யோசிச்சு ஒரு புது அடுப்புக் கட்டினா. முதல் கொப்பரையைச் சுட்டுட்டு வர்ற அனலு வீணாப் போகாம ரெண்டாவது கொப்பரைக்கு அடியில போவும். நல்ல மூளைக்காரிதான், இல்லைங்கல. ஆனா சட்டம்னு வந்துட்டா எல்லாருக்கும் ஒண்ணுதானுங்களே?"

"அந்த அடுப்பை வேற யாராச்சும் கட்டினாங்களா?"

"அதானுங்க என் வயித்தெரிச்சல்! போன வருஷம் ஏழு பேரு கட்டறதா இருந்தாங்க. சட்டம் வந்ததும் ஒருத்தனும் கட்டலை. கேட்டா, இப்பவே கட்டிட்டா அடுத்த வருஷம் எதைக் குறைக்கறதுங்கறான். திமிரு! அம்மா, நீங்க இந்தப் பூட்டைத் தொட்டுக் குடுங்க. மனசுக்கு ஒரு உறுதி வேணும். பாவாயி என் பெரியப்பன் மகளுங்க. அவ மூஞ்சியைப் பாத்தா எனக்குப் பூட்டவே தோணாது."

அம்மா எழுந்தார்.

"சாப்பாட்டு நேரமாச்சு. ரெண்டு நாளு இங்க இருங்க."

பந்தியில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்தார்கள். இலை போட்டாயிற்று. அம்மா நடுவில் வந்து நின்றார்.

"எல்லாரும் கேட்டுக்கங்க. நாளைக்கு ஒவ்வொருத்தரும் இன்னைக்குச் சாப்பிடறதுல கால்வாசி குறைக்கணும். குறைக்காதவங்களுக்கு ஞாயித்துக்கிழமை இலை கிடையாது. இப்பச் சாப்பிடுங்க."

நாச்சிமுத்துவுக்குச் சர்க்கரை வியாதி. ஊருக்கே வெல்லம் காய்ச்சுகிறவருக்கு! வழக்கமாக ஐந்து கரண்டிச் சோறு. அதற்கே வீட்டில் அவர் சம்சாரம் முறைப்பாள்.

அன்றைக்கு அவர் எட்டுக் கரண்டி வாங்கினார்.

ஏழாவது கரண்டியில் மூச்சு முட்டியது. எட்டாவதை மோர் ஊற்றி உள்ளே தள்ளினார். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார். பக்கத்து இலைக்காரர் தன் ஆறாவது கரண்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எப்படிப் பார்ப்பார்?

சாப்பிட்டுவிட்டு மனுஷன் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்தார். சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கவில்லை.

மறுநாள், சனிக்கிழமை. பந்தி.

நாச்சிமுத்து ஆறு கரண்டி சாப்பிட்டுவிட்டுக் கையை இலைக்குக் குறுக்கே வைத்தார்.

"போதும்" என்றார், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி.

அம்மா ஒரு சரிகைத் துண்டைக் கொண்டுவந்து அவர் தோளில் போட்டார்.

"எட்டுல இருந்து ஆறு. எல்லாரும் பாத்துக்கங்க. இவரு மாதிரி இருக்கணும்."

பந்தியில் கைதட்டினார்கள். நாச்சிமுத்துவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. ஐந்து கரண்டிக்காரர் ஆறு கரண்டி தின்றுவிட்டுப் பாராட்டு வாங்கினோம் என்பது அந்த நிமிஷம் அவர் புத்தியில் ஏறவில்லை. சந்தோஷத்தில் யாருக்குத்தான் ஏறும்?

அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டார்.

"எல்லாரும் குறைச்சுட்டாங்க. ஒருத்தி மட்டும் குறைக்கலை. பாத்திரம் கழுவற துளசிமணி. நாளைக்கு உனக்கு இலை கிடையாதுன்னு அவகிட்டப் போய்ச் சொல்லிட்டு வாங்க."

"நானுங்களா?"

"சங்கத் தலைவர் நீங்கதான். உங்களுக்குப் பழக்கம் இருக்குமே."

துளசிமணி கொல்லைப்புறத்தில் அவளைவிடப் பெரிய அண்டாவுக்குள் பாதி உடம்பை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். காலடிச் சத்தம் கேட்டு வெளியே வந்தாள்.

"என்னுங்க?"

"ஒண்ணுமில்ல. நீ எத்தனை கரண்டி சாப்பிட்டே?"

"ரெண்டுங்க."

"நேத்து?"

"ரெண்டுங்க. எப்பவும் ரெண்டுதானுங்க."

"நேத்து அம்மா சொன்னது உன் காதுல விழலையா?"

"விழுந்துச்சுங்க."

"அப்புறம் நேத்தே சேத்துச் சாப்பிட்டிருக்கலாமில்ல? இன்னைக்குக் குறைக்கறதுக்குச் சுலபமா இருந்திருக்குமில்ல?"

துளசிமணி சாம்பல் கையோடு அவரைப் பார்த்தாள்.

"பசிக்காம எதுக்குங்க சாப்பிடணும்?"

தோளில் கிடந்த துண்டு திடீரென்று கனத்தது. நேற்றைய எட்டாவது கரண்டி தொண்டையில் வந்து நிற்கிற மாதிரி இருந்தது. வெட்கமென்றால் வெட்கம், அப்படி ஒரு வெட்கம்.

"அண்டாவைத் தேய்ம்மா" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

"சொல்லியாச்சா?" என்றார் அம்மா.

"இல்லைங்க."

"ஏன்?"

"அவ முன்னாடியிருந்தே கம்மியாத்தானுங்களே எரிக்கறா!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது.

அம்மா சிரிக்கவில்லை. பூட்டை எடுத்து ஒருதரம் தொட்டார். அவர் கையில் கொடுத்தார்.

"தொட்டாச்சு. எந்தக் கதவுக்குன்னு நீங்களே பாத்துக்கங்க."

நாச்சிமுத்து துண்டைக் கழற்றி நீட்டினார்.

"அது உங்களுது. போட்டுக்கிட்டே போங்க" என்றார் அம்மா.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி. பாவாயி ஆலைக்கு முன்னால் ஊரே கூடியிருந்தது. பூட்டு விழுவதைப் பார்க்க நம் சனங்களுக்கு எப்போதும் ஓர் ஆசை.

பாவாயி வாசலில் நின்றாள். அடுப்பை அணைத்திருந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் அழவில்லை.

"பூட்டிக்கங்க அண்ணா" என்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லிப் போடறேன். போன வருஷம் சும்மாவாச்சும் இன்னும் நாலு கட்டு சேத்து எரிச்சு விட்டிருந்தா இன்னைக்கு நானும் நல்லவளா இருந்திருப்பேன். எனக்கு மனசு வரலை."

நாச்சிமுத்து கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"ஒரே ஒரு கேள்வி. ஒரு கொப்பரைப் பாகுக்கு இப்ப எத்தனை கட்டு விறகு? ஒவ்வொருத்தரா சொல்லுங்க."

"எத்தனை குறைச்சோம்னுங்களா?" என்றான் வேலப்பன்.

"குறைச்சதை நான் கேக்கலை. எரிக்கறதைக் கேட்டேன்."

"ஆறுங்க."

"ஏழுங்க" என்றார் இன்னொருவர்.

"ஆறரை."

"எட்டுங்க."

"பாவாயி?"

"நாலு."

கூட்டம் கொஞ்சம் அசைந்தது. விஷயம் எங்கே போகிறதென்று சிலருக்குப் பிடிபட ஆரம்பித்தது.

"இனிமே எல்லா வருஷமும் இதே கேள்விதான்" என்றார் நாச்சிமுத்து. "யாரு ரொம்ப எரிக்கறாங்களோ அவங்க கதவுக்குத்தான் பூட்டு. அந்த நாலு கட்டு அடுப்பைக் கட்டினாத்தான் திறக்கும்."

"அப்ப எனக்குப் போட்ட பொன்னாடை?" என்று வேலப்பன் கத்தினான்.

"குளிருக்குப் போத்திக்க."

சிரிப்பு அடங்கியதும் கூட்டத்துக்குப் பின்னால் இருந்து ஒரு குரல் வந்தது.

"தலைவரு ஆலையில எத்தனைங்க?"

நாச்சிமுத்துவுக்கு அடுப்பெரிக்கிற சின்னய்யன் ஓரமாக நின்றிருந்தார். முதலாளியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"சொல்லுங்க சின்னய்யா" என்றார் நாச்சிமுத்து. "நல்லாச் சத்தமா."

"ஒன்பதுங்க. போன வருஷம் பன்னெண்டு. சட்டப்படி கால்வாசி குறைச்சுப் போட்டமுங்க."

நாச்சிமுத்து நடந்தார். இருநூறு அடி தூரத்தில்தான் அவருடைய ஆலை. கூட்டமும் பின்னாலேயே வந்தது. கொட்டாய் வாசலில் தட்டி கட்டிய கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டைப் போட்டு ஒருதரம் இழுத்துப் பார்த்தார்.

சாவியைப் பாவாயியிடம் நீட்டினார்.

"அடுப்பைக் கட்டி முடிச்சுட்டு நீயே திற அம்மிணி. கொத்தனாரை எப்ப வரச் சொல்லட்டும்?"

பாவாயி சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அவர் தோளில் மினுங்கிய சரிகைத் துண்டை ஒரு பார்வை பார்த்தாள்.

"கொத்தனாரு எதுக்குங்கண்ணா? மண்ணு மிதிக்க ஒரு ஆளிருந்தாப் போதும். துண்டைத் தலையில கட்டிக்கிட்டு வாங்க."