ஒரே தெர்மாமீட்டர்

கோவையில் ஒரு மென்பொருள் கம்பெனி. அங்கே டீம் லீட் தண்டபாணி வைத்ததுதான் சட்டம். ஒப்பந்த ஊழியர் பொற்கொடியை ஒருநாள் கூப்பிட்டார்.

"ஆஸ்பத்திரி புராஜெக்ட்ல நோயாளி, டாக்டர், நர்ஸ்னு ஒவ்வொருத்தர் விவரத்தையும் வாங்கிவைக்கப் பன்னெண்டு மாடல் இருக்கு. எல்லாத்துலயும் போன் நம்பரைச் சரியா வாங்குதான்னு சாயங்காலத்துக்குள்ள டெஸ்ட் எழுதோணும். இல்லீன்னா நாளைக்கு வராதே!"

பொற்கொடி ரூபி என்ற கணினி மொழியில் ஒரே ஒரு பொது டெஸ்ட் எழுதினாள். ஒவ்வொரு மாடலுக்கும் அதைக் கூப்பிட ஒரு வரி சேர்த்துவிட்டு, டீ குடிக்கப் போனாள்.

"பன்னெண்டுக்கும் ஒரே டெஸ்ட்டா? யாரை ஏமாத்தறே?" என்று குதித்தார் தண்டபாணி.

"ஆஸ்பத்திரியில ஆளுக்கொரு தெர்மாமீட்டரா வாங்கறாங்க சார்? ஒண்ணையே கழுவிக் கழுவி எல்லாருக்கும் வைக்கறாங்க. காய்ச்சல் யாருக்குன்னு அதுவே சொல்லிடும்."

டெஸ்ட்டை ஓடவிட்டாள். பதினொன்று தேறிப் பச்சை, ஒன்று தவறிச் சிவப்பு.

"எந்த மடையன் எழுதின மாடல் அது?"

அதை எழுதியவர் பெயர் திரையில் தெரிந்தது: தண்டபாணி.

பொற்கொடி கரிசனமாகச் சொன்னாள்: "காய்ச்சலோட நாளைக்கு வராதீங்க சார்."