பிரியாணி மாஸ்டர் விமானம் பிடித்த கதை

திண்டுக்கல் பிரியாணி மாஸ்டர் சென்றாயனுக்கு ஆயிரம் பேருக்குத் தம் போடுவதென்றால் பயமே கிடையாது. ஆனால் தரையை விட்டுக் காலை எடுக்கச் சொன்னால் ஆள் வெளிறிப் போவார். திருவிழா ராட்டினத்தில் பாதிச் சுற்றிலேயே "நிறுத்துங்கடா" என்று அலறி இறங்கியவர்.

அவரிடம் போய் நூல்மில் முதலாளி ஒரு சேதி சொல்லியிருந்தார். மகள் கல்யாணம் ராஜஸ்தானில், ஏதோ அரண்மனை ஓட்டலில். பிரியாணி சென்றாயன் கையால்தான். ஆனால் முந்தின நாள் சென்றாயனுக்குப் பழனியில் வேறொரு கல்யாணம். ரயிலில் போனால் பந்தி முடிந்துதான் சேரலாம். அதனால் மதுரையிலிருந்து ஒரு தனி விமானம் வாடகைக்கு.

"ரெண்டு கம்பெனி வந்திருக்கு. நீயே பேசிப் பாரு. எதுல ஏற மனசு வருதோ அதச் சொல்லு. ரெண்டுலயுமே வரலன்னா சாயங்காலத்துக்குள்ள சொல்லிரு, நான் அங்கயே ஆள் பாத்துக்கிறேன்" என்றார் முதலாளி.

அந்த 'அங்கயே ஆள்' சென்றாயனைக் குத்தியது. அந்த வீட்டுப் பெண் காதுகுத்துக்கும் பிரியாணி போட்டவர் அவர். கல்யாணத்துக்கு வேறொருத்தன் கரண்டி பிடிப்பதா? கைபேசியை வெறித்துக்கொண்டு அன்றைக்குச் சமைக்க வந்திருந்த ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் ஆட்கள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போதுதான் ஒட்டன்சத்திரம் காய்கறி வியாபாரி வெள்ளைக்கண்ணு தக்காளிப் பெட்டியோடு உள்ளே வந்தார். விஷயத்தைக் கேட்டதும் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார்.

"ஏ மாப்ள, ஃப்ளைட்டு புடிக்கணும்னா எங்கிட்டயில்ல கேக்கணும்? டெல்லியில தக்காளிக்குப் பஞ்சம் வந்துச்சே, அப்ப தனி ஃப்ளைட்டு பேசித் தக்காளி கொண்டுபோனது யாரு?"

"யாருண்ணே?" என்றாள் தேங்காய் துருவிக்கொண்டிருந்த பஞ்சவர்ணம்.

"நாந்தான். பத்து ஃப்ளைட்ட வரிசையா நிறுத்திட்டானுங்க. நான் ஒவ்வொரு டயரையும் கட்டைவிரலால அமுக்கிப் பாத்தேன். ஒம்பதுல காத்து கம்மி. கம்பெனி ஓனரே ஓடிவந்து, 'அய்யா, எங்க இஞ்சினியருக்கே தெரியாத கோளாறு'ன்னு கையப் புடிச்சுக்கிட்டாரு."

"தக்காளி அமுக்குன வெரலுல்ல" என்றாள் பஞ்சவர்ணம்.

"அப்படிச் சொல்லு. அப்புறம் பைலட்டு. அவன் கையில தளும்பத் தளும்ப ஒரு தம்ளர் மோரு குடுத்தேன். 'மேல ஒரு சுத்து சுத்தி எறக்கு. ஒரு சொட்டுச் சிந்தினாலும் நீ வேண்டாம்'னேன். எறக்குனான். பாக்குறேன், மோரு முன்ன இருந்ததவிடக் கூடியிருக்கு."

"எப்படி மாமா கூடும்?" சென்றாயன் தன்னையறியாமல் கேட்டுவிட்டார்.

"ஜன்னலத் தொறந்து வச்சு ஓட்டிருக்கான். மேகத்துக்குள்ள போகயில தண்ணி கலந்துபோச்சு. மோர நீர்க்க வச்சிட்டியேன்னு அவன வெரட்டிட்டு வேறொருத்தன எடுத்தேன்."

வெங்காயம் உரிப்பவர்களுக்கு ஏற்கெனவே கண்ணில் நீர். இப்போது சிரிப்பும் சேர்ந்துகொண்டது. வெள்ளைக்கண்ணு கையமர்த்தினார்.

"சிரிக்காதீங்க, உசுரு போற எடம் இனிமேத்தான். நாக்பூருக்கு மேல எண்ணெய் தீந்துபோச்சு. பைலட்டு அழுறான். நான் அசரல. வீட்டுக்குன்னு வாங்கி வச்சிருந்த செக்குக் கடலெண்ணெயை ஒரு டின்னு ஊத்துனேன். சும்மா ஜிவ்வுன்னு போச்சு! என்ன, வழி நெடுக ஒரே பஜ்ஜி வாசம். கீழ ஊரு ஊரா சனம் தட்டத் தூக்கிக்கிட்டு ஓடியாருது. டெல்லி வரைக்கும் காக்கா கூட்டம் எங்க பின்னாலயே வருது."

"காக்கா அம்புட்டு ஒசரம் பறக்குமாண்ணே?"

"வாசம் அப்படி, பஞ்சவர்ணம்! திரும்பி வரயில மதுரையில எறங்க எடம் இல்ல. நாலுவழிச் சாலையிலயே எறக்குடான்னேன். எறக்கிட்டான். நேரா டோல்கேட்டு. 'இது காரா, பஸ்ஸா, எதுல சேக்குறது?'ன்னு டோல்காரன் தலையச் சொறியிறான். நான் எறங்கிப் போயி, 'சக்கரத்த நல்லா எண்ணிப் பாருய்யா. முன்னால ஒண்ணு, பின்னால ரெண்டு. ஆட்டோவுக்கு எந்த ஊர்ல டோல் கேக்குறான்?'ன்னேன். சல்யூட் அடிச்சுக் கம்பத் தூக்கிட்டான்."

சமையல்கட்டே குலுங்கியது. சென்றாயனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்தபோது நெஞ்சில் இருந்த பாரம் கொஞ்சம் இறங்கினாற்போல் இருந்தது. அந்தச் சூட்டோடு முதல் கம்பெனிக்குப் போன் போட்டு, எல்லோரும் கேட்கிற மாதிரி ஸ்பீக்கரில் வைத்தார்.

எடுத்தவன் குரலில் தேன் ஒழுகியது. "சொல்லுங்க சார், எப்ப வேணாலும் கெளம்பலாம் சார்."

"எந்த விமானம் தம்பி வரும்?"

"அது அன்னைக்குக் காலையில பாத்துக்கலாம் சார். எல்லாமே சூப்பர் ஃப்ளைட்டுதான்."

"ஓட்டுறவங்க எத்தன பேரு?"

"உங்களுக்கு எத்தன பேரு வேணும் சார்?"

"பிரியாணி அண்டா எட்டு இருக்கு..."

"பதினாறுகூட ஏத்திக்கலாம் சார்."

"அங்க ஒரே பனியா இருக்கும்ங்கிறாங்களே?"

"நம்ம பைலட்டு கண்ணக் கட்டிக்கிட்டே எறக்குவாரு சார்."

"பாத்தியா!" வெள்ளைக்கண்ணு தொடையில் தட்டினார். "இவந்தான் ஆளு. முடிச்சிரு மாப்ள."

சென்றாயன் அடுத்த கம்பெனிக்குப் போட்டார். எடுத்தது ஒரு பெண். ஆட்கள் ஒவ்வொருத்தர் எடையும், சாமான் எடையும் வேண்டும் என்றாள்.

"அண்டா வரலாமாம்மா?"

"அவ்வளவு எடை தாங்காது சார். அங்கயே வாடகைக்கு எடுத்துக்குங்க. அடுப்பு, சிலிண்டர் எதுவும் கூடாது."

"ஓட்டுறது?"

"ரெண்டு பைலட். அவங்க பேரு, லைசென்ஸ், விமானத்தோட நம்பர், கடைசியா எப்ப சர்வீஸ் பண்ணினோம், இன்சூரன்ஸ், எல்லாம் அனுப்புறேன். நீங்க வெளியில விசாரிச்சுப் பாத்துட்டே முடிவு பண்ணுங்க. விமானம் எங்களோடதுதான், வேற ஆள்கிட்ட வாங்கி விடுறதில்ல."

"பனியா இருந்தா?"

"கெளம்ப மாட்டோம் சார். வெலகுற வரைக்கும் காத்திருக்கணும்."

"முதலாளி சத்தம் போடுவாரேம்மா."

"போடட்டும் சார்."

போனை வைத்துவிட்டுச் சென்றாயன் முதலாளியைக் கூப்பிட்டுச் சொன்னார்: "ரெண்டாவதுங்க. அந்தப் பொண்ணு அனுப்புறத உங்க ஆபீசுல ஒரு தடவ விசாரிச்சிருங்க."

வெள்ளைக்கண்ணுவுக்குத் தாங்கவில்லை. "கிறுக்கா மாப்ள? அந்தப் புள்ள வாயத் தொறந்தா முடியாது, கூடாது, மாட்டோம். இவன் எம்புட்டு அழகா எல்லாத்துக்கும் சரி சரிங்கிறான்!"

"மாமா, இம்புட்டு நேரமா உங்க கதையத்தான் கேட்டுக்கிட்டிருந்தேன். கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. அதுல ஏறி உக்கார முடியுமா சொல்லுங்க?"

பஞ்சவர்ணம் துருவலை விட்டுவிட்டுக் கைதட்டினாள். வெள்ளைக்கண்ணுவும் சிரித்துத்தான் ஆகவேண்டியிருந்தது.

போகிற அன்று அந்தப் பக்கம் பனி என்று சொல்லி, மதுரையிலேயே நெடுநேரம் உட்கார வைத்துவிட்டார்கள். முதலாளி போனில் கத்தினார். சென்றாயனுக்கோ அந்தத் தாமதமே தைரியம் கொடுத்தது. பயப்பட வேண்டியதற்குப் பயப்படுகிறவர்கள் கையில்தான் நாம் இருக்கிறோம் என்று பட்டது. ஆட்களோடு ஏறினார், பெல்ட்டைப் போட்டார், பக்கத்தில் இருந்த பஞ்சவர்ணத்தின் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார். கொஞ்ச நேரத்தில் குறட்டை வந்தது. பந்தி அரைமணி தாமதம். ஆனால் பிரியாணியில் ஒரு பருக்கை மிஞ்சவில்லை.

ஊர் திரும்பிய மறுநாள் வெள்ளைக்கண்ணு வந்துவிட்டார். பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

"சொல்லு மாப்ள. மேல என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல மாமா. ஏறுனோம். தூங்குனேன். எறங்குனோம்."

"இஞ்சின் நிக்கல?"

"இல்ல."

"ஒரு குலுக்கல்கூட?"

"தெரியல. தூங்கிட்டேன்னு சொல்றேன்ல."

"நீ? ராட்டினத்துல அலறுன நீ, ஆகாசத்துல தூங்குன?"

"ஆமா மாமா."

வெள்ளைக்கண்ணு எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"ஏ மாப்ள, நானும் எத்தனையோ சொல்லிருக்கேன். ஆனா புளுகுறதுக்கு ஒரு அளவு வேணாமா?"