தீ தொடாத பாதங்கள்

கழிமுகத்தை அடுத்த கண்டற்கரை என்னும் சிற்றூரில், உப்பளத்தில் உப்பு வாரிப் பிழைத்தவர் பவளாயி அம்மையார். விடியுமுன் பாத்தியில் இறங்கி, விளைந்த உப்பைப் பலகையால் இழுத்துக் கரையேற்றுவது அவர்தம் தொழில். குவியலின் உச்சியில் மண் படாத வெள்ளை உப்பை ஒரு சிறு கூடையில் எடுத்துச் சென்று, அளங்காத்த நாதர் திருக்கோயிலின் மடைப்பள்ளி வாயிலில் வைத்து வணங்கிய பின்னரே கஞ்சி குடிப்பார். இத்தொண்டு அவருடைய தந்தையார் உத்தண்டியாரிடமிருந்து அவருக்கு வந்தது.

இளமையிலேயே கணவரை இழந்து தந்தை வீடு திரும்பியவர் அம்மையார். ஒருவருக்கு ஒருவரே துணை. ஆயுள் முழுவதும் உப்புநீரில் நின்ற உத்தண்டியாரின் பாதங்கள் வெளுத்து, விறைத்து, கோடைக்கால வயல்போல் வெடித்திருந்தன. வலக்குதிகாலின் வெடிப்பு எலும்பைத் தொடும் ஆழமுடையது. மாலைதோறும் மகளார் அப்பாதங்களைக் கழுவிப் புன்னை எண்ணெய் தடவுவார். குதிகாலைத் துணிக்கிழிசலால் சுற்றிக் கட்டுவார். கட்டி முடித்ததும் தந்தையார் எழுந்து நின்று பார்த்து, "இப்பத்தான் ஆத்தா இது காலு" என்பார். பின்பு இருவரும் கோயிலுக்கு நடப்பர்.

பங்குனி உத்திரத்தன்று உத்தண்டியார் காலமானார். அத்திருக்கோயிலில் ஆடும் கூத்தப்பெருமானின் திருவடிகள் ஆண்டு முழுதும் மலர்களால் மூடப்பட்டிருக்கும். அந்த ஒரு நாள் மட்டுமே அடியார் காணத் திறக்கப்படும். அத்திருவடியைக் காணாமலே அவர் கண் மூடினார்.

சிறிய தந்தையார் கொள்ளி வைத்தார். மறுநாள் காலை எலும்பு பொறுக்கச் சென்றவர்கள் திகைத்து நின்றனர். உடல் முழுவதும் சாம்பலாகியிருக்க, பாதங்கள் இரண்டும் வேகாமல் அப்படியே கிடந்தன. உப்பு ஊறிய சதையைத் தீ எளிதில் தின்னாது. அளத்தில் நில்லாத ஊரார்க்கு அது விளங்கவில்லை. "பாவக் காலு" என்று ஒருவர் கூறினார். ஊரே அதனைத் திருப்பிக் கூறிற்று. அம்மையார் அப்பாதங்களைத் தம் உப்புக் கூடையிலேயே ஏந்திச் சென்று, அளத்துக் கரையில் நின்ற புன்னை மரத்தடியில் புதைத்தார்.

அன்று முதல் மடைப்பள்ளியும் அவருடைய உப்பை ஏற்கவில்லை. அவரோ நாள்தோறும் கொண்டுசென்று மதிலோரத்தில் வைத்துத் திரும்பினார். பனியில் அது கரைந்து மண்ணோடு போயிற்று. அவர் இறைவனிடம் வேறொன்றும் கேட்டிலர். "எங்கப்பா காலு உன் காலடிக்கு வந்து சேந்துச்சா? அத மட்டும் சொல்லு சாமி" என்பதே அவருடைய வேண்டுதல்.

ஆண்டு நிறைந்து, மீண்டும் பங்குனி உத்திரத்தன்றே முதல் திவசம் வந்தது. இறந்தாரின் இடத்தில் ஒருவரை அமர்த்தி, பாதம் கழுவி, உணவிட வேண்டுமென்பது அவ்வூர் வழக்கம். அவர் உண்டாலே இறந்தவர் பசியாறியதாகக் கொள்வர். அம்மையார் வீடு வீடாகச் சென்று அழைத்தார். எவரும் இசையவில்லை. சிறிய தாயார் அஞ்சம்மாள் வாசலிலேயே மறித்தார்.

"ஏண்டி, நெருப்பே வேணாம்னு துப்புன காலுடி அது! அதுக்குப் போயி எவன்டி வந்து எலையில உக்காருவான்?"

"அந்தக் காலு நின்னு வாருன உப்புதான் சித்தி, உங்க கொழம்புல கெடக்கு" என்று மெல்லக் கூறித் திரும்பினார் அம்மையார்.

ஊரெல்லாம் திருவடி காணப் புறப்பட்டிருந்த அந்நண்பகலில், புன்னை மரத்தடியில் இலை விரித்துச் சோறும் நெத்திலிக் குழம்பும் படைத்து, தனியே அமர்ந்து அழுதார். அப்போது அளத்து வரப்பின்மேல் முதியவர் ஒருவர் நொண்டி நொண்டி வந்தார்.

"ஆத்தா, பசி கண்ண இருட்டுது. அந்த எலை யாருக்கு?"

"எங்கப்பாவுக்குங்க. இன்னிக்கித் திவசம்."

"நான் உக்காரலாமா?"

அம்மையாரின் நெஞ்சு துள்ளியது. ஆயினும் மறைத்து உணவிட அவர் மனம் ஒப்பவில்லை. "ஒக்காருறதுக்கு முன்ன ஒண்ணு சொல்லிப்புடறேங்க. எங்கப்பா காலு வேகல. பாவம்னு ஊருல யாரும் இங்க கை நனைக்க மாட்டாங்க."

முதியவர் சிரித்தார். "என் காலு மட்டும் என்ன வாழுதாம்? பாரேன்."

வெளுத்து வெடித்த பாதங்கள். வலக்குதிகாலில் ஆழ்ந்த பிளவு. அம்மையார் அருகே மண்டியிட்டார். நீரெடுத்துக் கழுவினார். அம்மரத்து விதையில் ஆட்டிய எண்ணெயைத் தடவினார். கட்டுவதற்குத் துணி தேடிக் காணாமல், தம் சேலையின் நீலக்கரையைக் கிழித்துக் குதிகாலைச் சுற்றிக் கட்டினார். முதியவர் இலையில் ஒரு பருக்கையும் மீதமின்றி உண்டார். எழுந்து நின்று காலை ஊன்றிப் பார்த்தார்.

"இப்பத்தான் ஆத்தா இது காலு" என்றார்.

அம்மையார் "அப்பா!" என்று அலறி நிமிர்ந்தபோது, வரப்பில் எவரும் இல்லை.

அழுத கண்ணோடு கோயிலுக்கு ஓடினார். அங்கே பெருங்கூட்டம் சன்னிதியை எட்டிப் பார்த்து நின்றது. மலர்களை விலக்கிய குருக்கள் விளக்கை உயர்த்திப் பிடித்திருந்தார். கூத்தப்பெருமானின் ஊன்றிய வலத் திருவடியில் எண்ணெய் மினுங்கியது. குதிகாலைச் சுற்றி நீலக்கரைத் துணி ஒன்று கட்டப்பட்டிருந்தது. சன்னிதி எங்கும் புன்னை எண்ணெயின் மணம்.

"யார் கட்டினது இது? நடை இப்பத்தானே திறந்தேன்!" என்றார் குருக்கள்.

அஞ்சம்மாளின் பார்வை, கரை கிழிந்த சேலையோடு தூணருகே நின்ற அம்மையார்மேல் விழுந்தது. அஞ்சம்மாள் வழிவிட்டார். கூட்டமும் விலகியது. அம்மையார் முன் சென்று கை குவித்தார்.

"வந்து சேந்துடுச்சு சாமி. எங்கப்பா காலு வந்து சேந்துடுச்சு" என்று கூறித் தரையில் விழுந்தார்.

குருக்கள் அக்கட்டை அவிழ்க்கவில்லை. மறுநாள் மடைப்பள்ளிக்காரர் தாமே அளத்துக்கு வந்து, இரு கையாலும் உப்புக் கூடையைப் பெற்றுச் சென்றார்.

ஆயினும் அன்று மாலை, திவசத்தன்று திரும்பிய கைப்பழக்கத்தால் அம்மையார் உள்ளங்கையில் எண்ணெய் வார்த்தார். தடவுவதற்குப் பாதம் இல்லை. எழுந்து அளத்துக் கரைக்குச் சென்று, அவ்வெண்ணெயைப் புன்னையின் வேரில் தடவினார். அவர் வாழ்ந்த காலமெல்லாம் மாலைதோறும் அவ்வாறே செய்தார்.

நின்று தேய்ந்த காலைத் தன் காலாக ஏற்ற பெருமான் கருணை பெரிது. அக்காலுக்கு எண்ணெயிட்ட மகளாரின் கை அதனினும் இனிது.