ஐம்பத்தொரு டப்பாக்கள்

இந்தக் கதையில் எதையும் நான் ஒளித்துவைக்கப் போவதில்லை. விடை கண்ணெதிரில்தான் கிடக்கிறது. மேஜர் தில்லைநாயகிக்கும் அது பதினோரு வருடம் கண்ணெதிரில்தான் கிடந்தது, அதனால் ரொம்பவும் அலட்டிக்கொள்ளாதீர்கள்.

தில்லைநாயகி ராணுவத்தில் நுண்ணுயிரியல் மருத்துவர். வீரர்களிடையே எந்த நோய் தலைகாட்டுகிறது, எங்கிருந்து வருகிறது என்று கண்காணிப்பது அவள் வேலை. கல்லூரி விடுதியில் ஒரு மாதம் டைபாய்டில் கிடந்தபோது கிருமிகள் மேல் வந்த ஆர்வம்தான் அவளை இந்தப் படிப்புக்கு இழுத்தது. அதற்குப் பிறகு ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

துணைதான் இல்லை. அதிகாரி என்பதால் வீரர்கள் விறைத்து நிற்பார்கள். பெண் என்பதால் மற்ற அதிகாரிகள் அளந்து பேசுவார்கள். வாரத்தில் ஆறு நாள் அறையில் தனியாகச் சாப்பிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும், எந்த முகாமில் இருந்தாலும், தன் கையால் வெங்காயமும் முள்ளங்கியும் நறுக்கித் தயிர்ப் பச்சடி செய்து, பாத்திரத்தோடு வீரர்களின் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போவாள். அன்று அவளைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே மற்ற ஆறு நாளையும் தள்ளினாள், பாவம்.

முதலில் பாலைவன முகாம். அங்கே டைபாய்டு வந்தது. சோதனையில் எதுவும் சிக்கவில்லை. சந்தேகத்தின் பேரில் சமையற்காரரை அடுப்படியிலிருந்து விலக்கச் சொல்லி எழுதினாள். அவள் மாறுதலாகிப் போன பிறகு காய்ச்சல் நின்றது. அவளுக்குப் பாராட்டுப் பத்திரம் வந்தது. அடுத்தது காட்டு முகாம். அங்கும் டைபாய்டு. தண்ணீர்த் தொட்டியை இடிக்க வைத்தாள். "மேடம் போற ஊருக்கெல்லாம் காய்ச்சலும் கூடவே ரயிலேறி வந்துடுது" என்று அங்கே ஒரு ஹவில்தார் கேலி செய்தார். அவளும் சிரித்தாள்.

இப்போது பனிமலை முகாம். அவளையும் சேர்த்து ஐம்பத்திரண்டு பேர். அவள் வந்த நாலாம் மாதம் ஐந்து பேர் டைபாய்டில் படுத்தார்கள். மேலே காவல் சாவடியில் இருந்த ஒன்பது பேருக்கு மட்டும் ஒன்றுமில்லை. அவர்களுக்கும் கீழிருந்துதான் அதே சோறு, அதே குழம்பு, அதே தண்ணீர் போகிறது. பச்சடி மட்டும் வழியிலேயே உறைந்து வீணாகிவிடும் என்று அனுப்புவதில்லை.

தில்லைநாயகி ஒருவர் விடாமல் டப்பா கொடுத்து மலமாதிரி வாங்கினாள். எந்த முகாமிலும் டப்பாவில் பெயர் எழுதுவதில்லை, எண் மட்டும்தான்; எந்த எண் யாருடையது என்று சோதனை முடிந்த பிறகே பட்டியலில் பார்ப்பாள். யாருடையது என்று தெரிந்தால் சோதிப்பவர் மனம் ஒரு பக்கம் சாயும் என்பதால் அப்படி ஒரு வழக்கம். ஐம்பத்தொரு டப்பாக்கள் மேசையில் வரிசையாக நின்றன. நோயாளிகள் ஐவருடையதைத் தவிர வேறெதிலும் கிருமி இல்லை.

கர்னல் கெடு வைத்துவிட்டார். சனிக்கிழமை வண்டி மலையிறங்குவதற்குள் ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால், சமையற்காரர் ஞானசிகாமணியை நோய் பரப்பியவர் என்று எழுதி மலையிறக்க வேண்டும். தில்லைநாயகி கையெழுத்துப் போட வேண்டும். ஞானசிகாமணி நாகர்கோவில்காரர். அந்த மலையில் அவளோடு தமிழ் பேச அவர் ஒருவர்தான் உண்டு.

வெள்ளிக்கிழமை காலை டீயைக் கொண்டுவந்து வைத்தவர் போகாமல் நின்றார்.

"மேடம், இருவது வருசமா இந்தக் கையாலதான் சோறு போடுதேன். என்னால அஞ்சு பயலுவ படுத்துட்டானுவன்னு ஊருல தெரிஞ்சா, எம் மொவ கல்யாணப் பந்தியிலகூட என்னைக் கரண்டி தொட விடமாட்டானுவ."

"உங்க டப்பால ஒண்ணுமே இல்லண்ணே."

"அப்போ யாரு மேடம்?"

அவர் போனதும் அவள் டப்பாக்களை மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். எண்ணி முடித்ததும் பேனாவை மூடி வைத்தாள்.

இனி நீங்கள் சொல்லுங்கள். நோயைச் சுமந்து திரிந்தவர் யார்? அந்தக் காகிதத்தில் யார் பெயர் எழுதப்பட வேண்டும்?

விடை: மேஜர் தில்லைநாயகி. டைபாய்டு தேறிய சிலரின் உடம்பில் கிருமி வருடக்கணக்கில் தங்கிவிடும். அவர்களை அது ஒன்றும் செய்யாது, அவர்கள் கை பட்ட பச்சைக் காயைத் தின்றவர்களைத்தான் படுக்க வைக்கும். ஊருக்கெல்லாம் டப்பா நீட்டியவளுக்கு ஒருவரும் டப்பா நீட்டவில்லை. காகிதத்தில் அவள் தன் பெயரையே எழுதிக் கையெழுத்திட்டாள். பிறகு சோதித்த ஐம்பத்திரண்டாவது டப்பாவும் அதையே சொன்னது. சனிக்கிழமை வண்டியில் அவள்தான் மலையிறங்கினாள். "மருந்து சாப்பிட்டுச் சுகமாயிட்டு வாங்க மேடம்" என்று ஞானசிகாமணி டிபன் கேரியரை அவள் மடியில் வைத்தார். வழியெல்லாம் அவள் அதைத் திறக்கவில்லை. பாலைவன முகாமில் தன்னால் அடுப்படியை இழந்த அந்த மனிதருக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று அவர் பெயரை நினைத்துப் பார்த்துக்கொண்டே வந்தாள். வரவில்லை. அவருடைய டப்பாவின் எண் பதினேழு என்பது மட்டும்தான் நினைவிருந்தது.