பெஞ்சில் படுத்திருந்த அம்மாள்

பாறைக்குளம் மடத்தில் குருவுக்கு வயது முப்பத்தைந்து. சிஷ்யைக்கு ஐம்பத்திரண்டு. குரு சிஷ்யையை "அக்கா" என்பார். சிஷ்யை குருவை "அம்மா" என்பாள். இது என்ன உறவுமுறை என்று வெளியூர்க்காரர்கள் முழிப்பார்கள். மடத்தில் இருப்பவர்களுக்குப் பழகிவிட்டது.

சிஷ்யையின் பெயர் பிரமநாயகி. கணவர் தவறிய பிறகு மடத்துக்கு வந்தவள். ஒன்பது வருடமாக அடுக்களை அவள் பொறுப்பு. தினமும் மத்தியானம் நாற்பது பேருக்கு இலை போட்டாக வேண்டும். அடுக்களைச் சாவி அவள் இடுப்பை விட்டு இறங்குவது குளிக்கும்போது மட்டும்தான்.

போன வருடம் ஆடி மாதம் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது. கூடவே வந்த அசதி மட்டும் இங்கேயே தங்கிவிட்டது. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் கண்ணே மூடாதவள் மாதிரி இருந்தது. சோற்றை வடித்து இறக்கினால் சாயங்காலம் வரை சுவரில் சாய்ந்து கிடப்பாள். ரசத்துக்கு உப்புப் போட்டோமா என்று யோசித்துக்கொண்டே இரண்டாம் தடவையும் போட்டாள்.

உள்ளூர் டாக்டர் இரத்தம் குறைவு என்று மாத்திரை கொடுத்தார். இரத்தம் ஏறியது, பிரமநாயகி எழவில்லை. அவர் இருதய டாக்டருக்கு எழுதிக் கொடுத்தார். இருதய டாக்டர் மூட்டு டாக்டருக்கு எழுதினார். மூட்டு டாக்டர் நரம்புக்கு, நரம்பு டாக்டர் தைராய்டுக்கு. கடைசியில் மனநல டாக்டரிடம் போனாள். அவர் சிரித்துப் பேசி, "மனசு தெளிவாத்தானே இருக்கு, முதல்ல உடம்பைக் காட்டுங்க" என்று திருப்பி அனுப்பினார். ஒவ்வொருவரிடமும் நாள் கிடைக்க ஒரு மாதம், இரண்டு மாதம் ஆகும். போனால் ஐந்து நிமிடம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு ஃபைல்.

எல்லா ஃபைலும் ஒரு மஞ்சள் பையில் சேர்ந்தன. நோய் என்னவென்று சொல்லாத காகிதம் இவ்வளவு கனக்குமா என்று பிரமநாயகிக்கு ஆச்சரியமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குரு துணி மடித்துக்கொண்டிருந்தார். பிரமநாயகி வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அம்மா, எனக்கு நோய் இருக்கா, இல்லியா?"

"டாக்டர்மாரு என்ன சொல்லுதாங்க?"

"இல்லன்னு சொல்லுதாங்க. ஆறு பேரும் சொல்லிட்டாங்க."

"உடம்பு என்ன சொல்லுது?"

"எந்திரிக்க மாட்டேன்னு சொல்லுது."

"யாரை நம்புதீங்க?"

"அதுதாம்மா தெரியல. படிச்சவங்க ஆறு பேரு பொய்யா சொல்லுவாங்க? அப்ப நாந்தான் பொய்யா? காலைல கண்ணு முழிச்சதும் முதல்ல இதான் ஓடுது. நான் சோம்பேறியா ஆயிட்டேனா, நடிக்கேனா, இல்ல வயசு ஆகுதா? எனக்கே என்னைப் பிடிபடல."

குரு ஒரு வேட்டியை நாலாக மடித்து வைத்தார்.

"புதன்கிழமை திருநெல்வேலில பெரிய டாக்டர்கிட்ட நாள் இருக்குல்லா?"

"மூணு மாசத்துக்கு முன்னாடி வாங்கினது. எங்கயும் பிடிபடாததை எல்லாம் அவருதான் பாக்காராம். போகாண்டாம்னு நினைக்கேன்."

"ஏன்?"

 பிரமநாயகி இடுப்பிலிருந்து சாவியை அவிழ்த்துத் துணிக்குவியல் மேல் வைத்தாள்.

"அவரும் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டா, எனக்கு ஒண்ணும் இல்லன்னுதான் அர்த்தம். பிறகு இங்க இருக்க எனக்கு என்ன யோக்கியதை? சும்மா உக்காந்து மடத்துச் சோத்தைத் திங்க என்னால முடியாது. தம்பி வீட்டுக்குப் போயிருதேன்."

தம்பி வீட்டில் அவளுக்குக் கிடைக்கப்போவது ஒரு மூலையும் தம்பி பெண்டாட்டியின் பெருமூச்சும்தான். இது குருவுக்கும் தெரியும்.

குரு சாவியை எடுத்து அவள் கையிலேயே திருப்பி வைத்தார்.

"புதன்கிழமை கழியட்டும்."

பிரமநாயகிக்கு நிம்மதியா வருத்தமா என்று தெரியவில்லை. சாவியை மறுபடியும் இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"அக்கா, மறதி வருதுன்னு இருதய டாக்டர்கிட்டச் சொன்னீங்களா?"

"அதை எப்படிம்மா அவர்கிட்டச் சொல்ல? வாசல்ல இருதயம்னுல்லா போர்டு போட்டிருக்கு? அவருகிட்டப் படபடப்பை மட்டும் சொன்னேன்."

"நரம்பு டாக்டர்கிட்ட?"

"மறதியைச் சொன்னேன். முட்டு வலியைச் சொல்லல. அது மூட்டுக்காரருக்கு உள்ளது. ஒருத்தர் நேரத்தை இன்னொருத்தர் விஷயத்துக்கு எடுத்தா நல்லாவா இருக்கும்?"

பந்தியில் பரிமாறுகிறவள் அவள். யார் இலைக்கு என்னவோ அதை மட்டும் வைத்துத்தான் அவளுக்குப் பழக்கம்.

குரு சிரிக்கவில்லை. "புதன்கிழமை நானும் வாரேன்" என்றார்.

திங்கள், செவ்வாய் இரண்டு நாளும் பிரமநாயகி படுத்தே கிடந்தாள். டாக்டர் நாளுக்கு முன்னால் எப்போதும் அப்படித்தான். இரண்டு நாள் கிடந்தால்தான் மூன்றாம் நாள் பஸ் ஏறத் தெம்பு வரும். அந்த நாட்களில் அவள் அடுக்களையைத் திறந்து மட்டும் விடுவாள்; மடத்துக்காரர்கள் சேர்ந்து உப்புமா கிண்டிக்கொள்வார்கள். இலையில் உப்புமா விழுந்தால் பிரமநாயகிக்கு டாக்டர் நாள் வருகிறது என்று எல்லோருக்கும் தெரியும். உப்புமாவைக் குறை சொல்லாதவர் மடத்தில் ஒருவரும் இல்லை.

புதன்கிழமை காலையில் பிரமநாயகி தலைக்குக் குளித்து, மடிப்புக் கலையாத சுங்குடிச் சேலை உடுத்தி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு வந்து நின்றாள். டாக்டரைப் பார்க்கப் போவது அவளுக்குக் கோயிலுக்குப் போவது மாதிரி. அழுக்கும் கசங்கலுமாகப் போய் நிற்பது மரியாதை இல்லை.

ஆஸ்பத்திரியில் பத்து மணிக்கு டோக்கன் கொடுத்தார்கள். நாற்பத்தெட்டாம் நம்பர்.

பதினொரு மணி வரை பிரமநாயகி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். பிறகு சுவரில் சாய்ந்தாள். பன்னிரண்டு மணிக்கு மஞ்சள் பையைத் தலைக்கு வைத்துப் பெஞ்சில் படுத்துவிட்டாள். நர்ஸ் ஒரு பெண் வந்து, "இங்கல்லாம் படுக்கக் கூடாதும்மா, எந்திரிங்க" என்று தோளைத் தட்டினாள். பிரமநாயகி கண்ணைத் திறந்து பார்த்தாள். எழ முடியவில்லை. நர்ஸ் உச்சுக்கொட்டிவிட்டுப் போனாள்.

குரு பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். 

இரண்டு மணிக்கு உள்ளேயிருந்து சத்தம் வந்தது.

"நாப்பத்தெட்டு! பிரமநாயகி!"

அவ்வளவுதான். படுத்திருந்தவள் எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மடிப்பை நீவினாள். கலைந்த விபூதியைச் சரி செய்தாள். எங்கிருந்துதான் வந்ததோ, முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. விறுவிறுவென்று நடந்து அறைக்குள் போனாள். குரு பின்னால் போனார்.

பெரிய டாக்டருக்கு அறுபது வயதிருக்கும். காலையிலிருந்து நாற்பத்தேழு பேரைப் பார்த்த களைப்பு அவர் முகத்தில் இருந்தது.

"வாங்கம்மா, உக்காருங்க. எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் டாக்டர். நீங்க நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன், இருக்கேன்." அவர் ஃபைல்களைப் புரட்டினார். ஒன்று, இரண்டு, ஆறு. "எல்லாம் நார்மலாத்தானேம்மா இருக்கு. என்ன தொந்தரவு உங்களுக்கு?"

"கொஞ்சம் அசதி, டாக்டர்."

"வயசுக்குக் கொஞ்சம் இருக்கும். நல்லாச் சாப்பிடுங்க, நடங்க." அவர் பேனாவை எடுத்தார்.

பிரமநாயகி அந்தப் பேனாவையே பார்த்தாள். மூன்று மாதம் காத்திருந்தது இந்த ஒரு வாக்கியத்துக்கா? ஆனாலும் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே இருந்தது. தம்பிக்கு எப்போது போன் செய்யலாம் என்று யோசித்தாள்.

"டாக்டர்" என்றார் குரு. "நோயாளி இவங்க இல்ல."

டாக்டர் நிமிர்ந்தார்.

"நோயாளி வெளிய பெஞ்சுல படுத்திருக்காங்க. இவங்க அவங்களுக்குப் பதிலாப் பேச வந்தவங்க."

பிரமநாயகி குருவைப் பார்த்தாள். குருவுக்கு வெயில் தலைக்கு ஏறிவிட்டதோ?

"என்னம்மா சொல்லுதீங்க? நாந்தானே பிரமநாயகி?"

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன விளையாட்டு இது? நோயாளியை வெளியே விட்டுட்டு வேற ஆளை உள்ளே அனுப்புறதா?" மணியை அடித்தார். நர்ஸ் வந்தாள். "வெளியே பெஞ்சுல ஒரு அம்மா படுத்திருக்காங்களாம். அவங்களைக் கூட்டிட்டு வா."

நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள்.

"யாரும் இல்ல சார். இந்தம்மாதான் மத்தியானத்துல இருந்து அங்க படுத்துக் கெடந்தாங்க. எழுப்பிக்கூடப் பாத்தேன். எந்திரிக்கவே முடியல அவங்களால."

 டாக்டர் மடிப்பு நீவிய சேலையைப் பார்த்தார். விபூதியைப் பார்த்தார். சிரிப்பைப் பார்த்தார்.

"நீங்களா?"

குரு மெல்லச் சொன்னார். "அக்கா, அவங்களையும் உள்ள கூட்டிட்டு வாங்க."

பிரமநாயகிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. யாரைக் கூட்டிவர? எங்கே போய்? கதவைத் திரும்பிப் பார்த்தாள். மறுபடி குருவைப் பார்த்தாள். பிறகு அந்தச் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. தோள் இறங்கியது. டாக்டரின் மேஜை விளிம்பில் இரண்டு கையையும் வைத்து, அதன் மேல் தலையைச் சாய்த்துக்கொண்டாள்.

"முடியல சார்" என்றாள். "என்னால முடியவே இல்ல."

டாக்டர் பேனாவை மூடினார்.

"எத்தனை மாசமா?"

"பதினாலு."

"ஒண்ணு விடாமச் சொல்லுங்க."

அவள் தலையைத் தூக்காமலே சொன்னாள். காய்ச்சலைச் சொன்னாள், படபடப்பைச் சொன்னாள், முட்டு வலியைச் சொன்னாள், இரண்டு தடவை போட்ட உப்பைச் சொன்னாள். இங்கே வருவதற்காக இரண்டு நாள் படுத்துக் கிடந்ததையும், திரும்பிப் போனால் மூன்று நாள் படுக்கப் போவதையும் சொன்னாள். எந்த டாக்டருக்கு எது என்று பிரித்துப் பார்க்கும் தெம்பு அப்போது அவளுக்கு இல்லை. ஆறு பேருக்குப் பங்கு வைத்தது எல்லாம் ஒரே இலையில் வந்து விழுந்தது.

டாக்டர் நாற்பத்தொன்பதாம் நம்பரைக் காத்திருக்கச் சொன்னார். கேட்டு முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது.

"இதெல்லாம் ஏன் இந்த ஃபைல்ல எங்கேயும் இல்லை?"

"அவங்க எப்படி இருக்கேன்னு கேட்டாங்க. நான் நல்லா இருக்கேன்னு சொன்னேன்."

டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, இதுக்குப் பேரு என்னன்னு இன்னிக்கே சொல்ல எனக்குத் தெரியலை. காய்ச்சலுக்குப் பிறகு சில பேருக்கு இப்படி ஆகுது. இன்னும் பார்க்கணும். மூணு வாரம் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் பெரிய வேலை எதுவும் செய்யக் கூடாது. ஆனா இருக்கு."

"என்ன சார் இருக்கு?"

"நோய் இருக்கு."

பிரமநாயகிக்குக் கண்ணீர் வந்துவிட்டது. நோய் இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷப்பட்ட முதல் ஆள் தானாகத்தான் இருக்கும் என்று நினைத்தாள். சந்தோஷப்படலாமா என்றும் தெரியவில்லை. பேர் இல்லாத நோயை வைத்துக்கொண்டு ஊரில் என்ன சொல்வது என்றும் தெரியவில்லை.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் அவளைச் சாய வைத்துக் குரு பக்கத்தில் உட்கார்ந்தார். பாளையங்கோட்டை தாண்டியதும் கையை நீட்டினார்.

"சாவியைக் குடுங்க அக்கா."

பிரமநாயகி திடுக்கிட்டாள்.

"அன்னைக்கு நானாக் குடுத்தேன், வாங்கல. இப்ப நோய் இருக்குன்னு சொன்ன பிறகு கேக்கீங்க. என்னைத் தம்பி வீட்டுக்கு அனுப்புதீங்களா?"

"எதுக்கு அனுப்ப? உங்க ரூம்பு உங்களுக்கு. அடுக்களையை மட்டும் நாங்க பாத்துக்கிடுதோம்."

"நாப்பது பேருக்குத் தினமும் உப்புமாவா?"

"கத்துக்கிடுதோம்."

பஸ் ஒரு நிறுத்தத்தில் நின்று கிளம்பியது. பிரமநாயகி சாவியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். அவளுக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்கலாமா என்று தெரியவில்லை. கேட்டுவிட்டாள்.

"அம்மா, நீங்க தினமும் காலைல அடுக்களை வாசல்ல வந்து நின்னு, எப்படி இருக்கீங்க அக்கான்னு கேப்பீங்க. நானும் நல்லா இருக்கேன்னு சொல்லுவேன். பதினாலு மாசமா அது பொய்யின்னு உங்களுக்குத் தெரியாதா?"

 குரு அவள் பக்கம் திரும்பினார்.

"தெரியும் அக்கா. அந்தப் பொய்யிலதான் நாப்பது பேரும் சாப்பிட்டோம்."